பிழை சொல்லப் பழகிய பிரிவெனா

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. தாங்கள் நுழையும் மண்டபம் அதுவரை தங்களுக்காகவே காத்திருந்தது என்று மனதார நம்புவார்கள். அந்தக் குணம் என்னிடம் தாராளமாகவே இருக்கிறது. அதை ஒளிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டு முழுவதும் விவாதப் போட்டிகளில் நான் வென்ற கிண்ணங்கள்தான் நிற்கின்றன. விருந்தினருக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பைகளை அம்மா அவற்றுக்காகக் குசினிக்கு இடம் மாற்றிவிட்டார். ஆகவே, வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நகரத்துக்குத் தெற்கே ஒரு சிங்களக் கிராமத்துப் பிரிவெனாவில் தமிழ்ப் பேச்சுப் பழக்க ஓர் ஆள் தேவை என்ற செய்தி காதில் விழுந்ததும், அந்த ஆள் என்னைத் தவிர வேறு எவராகவும் இருக்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

பிரிவெனா என்பது புத்த பிக்குமாரின் பள்ளிக்கூடம். சிறுவயதிலேயே துறவுக்கு வந்த சாமணேரர்கள் அங்கே பாளியும் சமஸ்கிருதமும் பௌத்த நூல்களும் கற்பார்கள். நெடுங்காலமாக அங்கே அவ்வளவுதான் படிப்பு. அண்மையில்தான் அந்தக் கூரையின் கீழ் கணிதம் வந்தது, விஞ்ஞானம் வந்தது, கணினி வந்தது, இரண்டாம் மொழியாகத் தமிழ் வந்தது. பெரிய பாடசாலை தூரத்தில் இருந்தபடியால், அவற்றின் பின்னாலேயே ஊர்ப் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். காவியுடையும் வெள்ளைச் சட்டையும் ஒரே வகுப்பில் அமர்ந்தன. பௌத்தக் கோயிலான விகாரையைப் பராமரிக்கும் ஊரவர் அமைப்பான தாயக சபைக்கு இந்த மாற்றத்தில் முழுச் சம்மதம் இல்லை. உலகப் படிப்புக் கூடினால் சாமணேரர்கள் காவியைக் களைந்துவிட்டு உத்தியோகம் தேடிப் போய்விடுவார்கள் என்பது அவர்களுடைய பயம்.

எங்கள் பக்கத்தில் விகாரை என்ற சொல்லைக் கேட்டதும் முகங்கள் இறுகுவதுண்டு. தமிழர் காணிகளில் புதிதாக விகாரைகள் எழுந்தது போன்ற காரணங்கள் அதற்கு இருக்கின்றன. அவற்றை நான் அறியாதவளும் அல்ல. அம்மாவுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன்.

“ஆர் உன்னைக் கூப்பிட்டது?”

“அங்கத்தைப் பெரிய பிக்கு. பழைய ஊர் அம்மா. குளத்துக்குக் கீழ பரம்பரையா வயல் செய்யிற சனம்.”

“சரி, போ. ஆனா அங்க போயும் வாயைத் திறந்து ஆரோடயும் கொழுவாத.”

“வாயைத் திறக்கத்தானம்மா கூப்பிட்டிருக்கினம்.”

“அதுதான் எனக்குப் பயம்.”

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். வெள்ளைச் சட்டைகள் ஒரே வீச்சில் எழுந்து நின்றன. காவியுடைகள் அசையவில்லை. முன்வரிசையில், வெள்ளைத் துணி விரித்த கதிரைகளில், சாமணேரர்கள் ஐயனார் கோயில் குதிரைகளைப் போல நிமிர்ந்து அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் வந்தால் எழும்பாத மாணவரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. எழும்பட்டும் என்று காத்து நின்றேன். அவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில், பின்வரிசையில் நின்ற ஒரு பையன் தொண்டையைச் செருமினான்.

“ரீச்சர், அவையள் எழும்பாயினம். நீங்கள்தான் கும்பிட வேணும்.”

அந்தத் தமிழைக் கேட்டு நான் அதிர்ந்தேன். சுத்தமான வவுனியாச் சந்தைத் தமிழ். அவனுடைய தந்தை சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் அவன் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று பேரம் பேசிப் பழகியவன். சாமணேரர்களோ புத்தகத்தில் தமிழ் படித்தவர்கள். எனவே அந்த வகுப்பில் காவியுடை செந்தமிழ் பேசியது. வெள்ளைச் சட்டை சந்தைத் தமிழ் பேசியது. இரண்டுக்கும் நடுவில் நின்று நான் கைகூப்பினேன்.

அன்றைய பயிற்சி எளியது: ஊரைப் பற்றி ஒவ்வொருவரும் சில வசனங்கள் பேசவேண்டும். சாமணேரர்களில் மூத்தவர், மீசை அரும்பத் தொடங்கிய வயதுடையவர், முதலில் பேசினார். குரல் மணியாக இருந்தது.

“எங்கள் கிராமத்தில் ஒரு குளம் உண்டு. அது வட மாகாணத்திலேயே மிகப் பெரிய குளமாகும்.”

“பிழை!” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, தானாகவே வெளியே வந்தது. “இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவளிடம் இப்படிச் சொல்லலாமா? பிழை. முழுப் பிழை.”

வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மேசையைப் பார்த்தன. சந்தைப் பையன் கண்களை இறுக மூடிக்கொண்டான். மூத்த சாமணேரர் மட்டும் என்னை விழித்துப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவி, காதுவரை போய் நின்றது.

வகுப்பு முடிந்ததும் அவர் தன்னுடைய பயிற்சித் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெண்ணின் கையில் நேரடியாகக் கொடுப்பது அவர்கள் வழக்கமல்ல. வைத்துவிட்டு ஓரடி விலகி நின்றார்.

“ஆசிரியை அவர்களே, நான் பத்து வயதில் காவி உடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை பாடத்தில் எனக்கு ஒருவரும் பிழை என்று சொன்னதில்லை. கணக்குத் தவறினால், ‘ஹாமுதுருவனே, இன்னொரு முறை பார்ப்போமா’ என்று பிக்குவை அழைக்கும் மரியாதையோடு கேட்பார்கள். இன்னொரு முறையும் தவறினால், வினா கடினம் என்பார்கள். நான் சரியாகச் செய்தவை எவை என்று எனக்கே தெரியாது.”

“பெரிய பிக்கு கண்டிக்க மாட்டாரா?”

“கண்டிப்பார். நடத்தைக்காக. கணக்குக்காக அல்ல.” சற்றுத் தயங்கினார். “இரண்டாம் மொழி விவாதப் போட்டி ஒன்று வவுனியாவில் நடைபெறும் என்று அறிந்தேன். அங்கே எதிரணி என்னை எதிர்த்துப் பேசும் அல்லவா? நான் அங்கே போக விரும்புகிறேன்.”

நான் எத்தனையோ மேடைகளில் ஏறியிருக்கிறேன், வெல்லத்தான் ஏறினேன். ஒருவர் தன்னை மறுத்துப் பேசும் ஆளைத் தேடி மேடையேற ஆசைப்படுவதை அன்றுதான் முதன்முறை கேட்டேன். அவரைப் போட்டிக்குக் கொண்டுபோவது என்று அந்த மேசையருகிலேயே தீர்மானித்தேன்.

தீர்மானம் இலகு, பயிற்சி அப்படியல்ல. விவாதத்தின் உயிர் மறுப்புரை. மறுப்புரை சொல்ல எழுந்த சந்தைப் பையன், சாமணேரரின் முன்னால் போய் முழங்காலிட்டு, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு, பாளியில் மன்னிப்புக் கேட்டான். பிறகு எழுந்து ஒரு வசனம் மறுத்தான். மறுபடியும் முழங்காலிட்டான். அடுத்த வசனம். மறுபடியும் முழங்கால். அவன் இரண்டாவது கருத்தை முடிக்கும் முன் நேரம் முடிந்து மணி அடித்தது.

“டேய், என்னடா செய்யிறாய்?” என்றேன்.

“பாவம் சேருமே ரீச்சர். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒவ்வொரு மன்னிப்பு.”

சாமணேரருக்கோ உண்மையான கோபம் வந்துவிட்டது. “நீ என்னை வணங்கி வணங்கியே தோற்கப் போகிறாய். நான் ஒன்றும் செய்யாமலே வென்றுவிடுவேன். இது நீதியா?”

“அப்ப என்ன செய்ய, ஹாமுதுருவனே?”

“தொடக்கத்திலேயே ஒரு முறை கேட்டுவிடு. பேசப் போவதெல்லாவற்றுக்கும் சேர்த்து.”

பையன் யோசித்தான். சந்தைக்காரனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “மொத்த விலைக்கு?”

“மொத்தமாக,” என்றார் சாமணேரர் மிகுந்த கம்பீரத்தோடு.

அவர்களும் எனக்குச் சில பாடங்கள் புகட்டினார்கள். ‘நடுவர் அவர்களே’ என்று தொடங்குவது என் வாடிக்கை. அங்கே மகா சங்கத்தினரான பிக்குமாரை வணங்கிய பிறகுதான் நடுவர். மறுக்கும்போது சுட்டுவிரல் நீட்டுவது என் தனிப் பாணி. அங்கே விரலை மடித்து முழுக் கையையும் விரித்துக் காட்டவேண்டியிருந்தது. விரித்த கை மேடையில் இன்னும் அழகாக இருப்பதைக் கண்டு, அதை நான் எனக்கே எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் செய்தி தாயக சபைக்குப் போய்விட்டது. சபையின் தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். வவுனியாவில் நெடுங்காலம் வேலை பார்த்ததனால் தமிழ் நன்றாக வரும். ஒரு பிற்பகல் அவர் குடையோடு வந்து, விகாராதிபதியான பெரிய பிக்குவின் முன் பாயில் அமர்ந்தார். எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே தமிழிலும் பேசினார்.

“கணக்குப் படிப்பிச்சது போதாதெண்டு, இப்ப ஹாமுதுருவனோட வாக்குவாதப்படவும் படிப்பிக்கினம். நாளைக்கு என்ர பேரன் என்னோடயும் வாதாடுவான்.”

“இப்ப வாதாடிறதில்லையா?” என்று கேட்டார் பெரிய பிக்கு.

“அது வேற.”

பெரிய பிக்கு சற்று யோசித்தார். “ஊரே பாக்கட்டும். பிரசங்க மண்டபத்தில ஒரு விவாதம் வைப்பம். பாத்த பிறகு, வவுனியாவுக்கு அனுப்புறதா இல்லையா எண்டு சொல்லுவன்.”

வாசலுக்கு வெளியே நின்ற மூத்த சாமணேரர் அதைக் கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். துறவிகள் ஓடக்கூடாது என்பதால் அவர் ஓடவில்லை என்றுதான் நான் சாட்சி சொல்வேன்.

விவாதத் தலைப்பையும் தபால் அதிபரே தந்தார்: ‘பிரிவெனாவுக்கு விஞ்ஞானமும் கணிதமும் வேண்டுமா, வேண்டாமா?’ சீட்டுக் குலுக்கினோம். சாமணேரருக்கு ‘வேண்டாம்’ விழுந்தது. சந்தைப் பையனுக்கு ‘வேண்டும்’. சபைத் தலைவரின் முகம் மலர்ந்தது. அவருடைய கட்சியை ஒரு காவியுடையே பேசப்போகிறது. அதை எதிர்க்க எவனுக்கு நா எழும்?

அந்த நாளில் மண்டபம் நிறைந்தது. அந்த ஊருக்கு இருவர் பேசும் பிரசங்கம் புதிதல்ல. இரண்டு பிக்குமார் எதிரெதிர் ஆசனங்களில் அமர்ந்து, ஒருவர் வினவ மற்றவர் விடை சொல்வது அங்கே பழைய வழக்கம். இதுவும் அப்படியொன்று என்று நினைத்துப் பெண்கள் வெள்ளை உடுத்து, தாமரைப் பூக்களோடு வந்து, கால்மடித்து அமர்ந்து கைகூப்பியிருந்தார்கள். இரண்டு அணிக்கும் பாகுபாடின்றி, ‘நன்று’ என்ற பொருளில், ‘சாது, சாது’ என்றார்கள். எவர் முந்துகிறார் என்பதைக் கைதட்டலில் அளந்து பழகிய எனக்கு, அங்கே எதையுமே அளக்க முடியவில்லை. நடுவர் நான்தான், தமிழ் விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. என் கதிரைக்கு அருகே வந்து தபால் அதிபர் குனிந்தார்.

“ரீச்சர், தீர்ப்புச் சொல்லேக்க இது விகாரை எண்டதை மறந்துபோகாதேங்கோ.”

சாமணேரர் தொடங்கினார். பேச்சு எனக்கே பொறாமை தருவதாக இருந்தது. துறவியின் தேடல் வேறு, உத்தியோகத்தனின் தேடல் வேறு என்றார். மனத்தை அளக்கும் கருவி எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்று கேட்டார். ‘சாது’ மண்டபத்தின் கூரையைத் தொட்டது. தபால் அதிபர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

சந்தைப் பையன் எழுந்தான். முழங்காலிட்டான். “இனிச் சொல்லப் போற எல்லாத்துக்கும் சேத்து, ஹாமுதுருவனே,” என்று உரக்கச் சொல்லிக் கும்பிட்டான். மண்டபம் சிரித்தது. பாதிப் பேருக்குத் தமிழ் விளங்கும். மீதிப் பேருக்கு அருகிலிருந்தவர்கள் காதுக்குள் சொல்லவேண்டும். எனவே சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது.

“விஞ்ஞானம் வேண்டாம் எண்டு சொன்னீங்கள். போன மாசம் விகாரைக் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சு ஒரு கடதாசி வந்தது. ஊரில ஒருத்தருக்கும் விளங்கேல்ல. அதை வாசிச்சு, இந்தத் தண்ணி குடிச்சா சிறுநீரகத்துக்குக் கூடாது, வடிகட்டின தண்ணி குடியுங்கோ எண்டு எங்கட அம்மாமாருக்குச் சொன்னது ஆரு?” விரித்த கையை நீட்டினான். “நீங்கள்தானே? அதைப் பாளியில படிச்சுத்தானா சொன்னீங்கள்?”

முதல் தவணைச் சிரிப்பு வெடித்தது. காதுகளுக்குள் செய்தி ஓடியது. இரண்டாம் தவணை அதைவிடப் பெரிதாக வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், கூப்பிய கையை விலக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆனபடியா,” என்று பையன் மூச்சை இழுத்தான், “ஹாமுதுருவன் சொன்னது பிழை.”

நான் சாமணேரரைப் பார்த்தேன். தேடிக்கொண்டிருந்த பொருளை யாரோ கொண்டுவந்து கையில் வைத்தது போல இருந்தது அவர் முகம். தொகுப்புரைக்கு எழுந்து, அழகாகப் பேசினார், ஆற்றொழுக்காகப் பேசினார். ஆனால் கிணற்றுக்கு விடை சொல்லவில்லை.

தீர்ப்பு என் கையில் வந்தது. நான் எழுந்தேன். முன்னால் ஓர் ஊர் கைகூப்பி அமர்ந்திருந்தது. சாமணேரர் வென்றார் என்று சொன்னால் அனைவரும் மகிழ்வார்கள், பெரிய பிக்கு அவரைப் போட்டிக்கு அனுப்புவார். தோற்றார் என்று சொன்னால், ஒருவேளை அந்த மண்டபத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவர் பத்து வயதிலிருந்து பெற்று அலுத்ததெல்லாம் அந்த முதல் வகை மகிழ்ச்சிதான். அதையே நானும் கொடுப்பதற்கு அங்கே எதற்கு நான்?

“மகா சங்கத்தினரை வணங்குகிறேன்,” என்றேன். “மொழியில் சாமணேரரின் அணி உயர்ந்து நின்றது. ஆனால் விவாதம் என்பது விடை சொல்வது. கிணற்றைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. ஆகவே ‘வேண்டும்’ என்ற அணி வெற்றி பெறுகிறது.”

சிரிப்புப் போலவே மௌனமும் இரண்டு தவணையாக வந்தது. முதலில் தமிழ் தெரிந்தவர்கள் அடங்கினார்கள், பிறகு மற்றவர்கள். தபால் அதிபர் தன் குடையைத் தேடத் தொடங்கினார்.

“சாது!” என்றது ஒரு குரல். மூத்த சாமணேரர். ஆசனத்தில் இருந்தபடியே, கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, “சாது! சாது!” என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தோற்றவரே சொல்லும்போது தாங்கள் சும்மா இருப்பது எப்படி? மண்டபம் முழுவதும் ‘சாது’ எழுந்தது. சந்தைப் பையன் அழுதுவிடுவான் போல நின்றான்.

பெரிய பிக்கு சபைத் தலைவரிடம் திரும்பினார். “என்ன சொல்றீங்க?”

“தோத்துப் போனாரே, ஹாமுதுருவனே.”

“ஓம். தோத்தும் காவி கழரல்ல, பாத்தீங்களா?” பெரிய பிக்கு சிரித்தார். “வான் பிடியுங்க. பிக்குமார் பகல் தானத்தப் பன்னிரண்டுக்கு முந்திச் சாப்பிட வேணும், அந்தச் சாப்பாடும் கொண்டு போங்க. நீங்களும் கூடப் போங்க.”

“நானா?”

“நீங்கதானே தலைப்புக் குடுத்த ஆள்.”

வவுனியாவில் போட்டி மண்டபத்துக்குள் எங்கள் அணியாகச் சாமணேரரும் சந்தைப் பையனும் நுழைந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. எனக்கு அந்த நொடியிலேயே ஆபத்து விளங்கியது. எதிரணி வேறொரு சிங்களப் பாடசாலையின் மாணவிகள். காவியுடையை மேடையில் கண்டதும் அவர்களின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. தலைவி எழுந்து தன் கருத்துகளை மனப்பாடமாகச் சொன்னாள். மறுப்புரைக்கான நேரம் வந்தது. அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, கைகூப்பி, வாயைத் திறக்காமல் நின்றாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரணி மறுக்காவிட்டால் வெற்றி எங்களுக்குத்தான். தபால் அதிபர் என் பக்கம் சாய்ந்து, “வெண்டாச்சு ரீச்சர்!” என்றார்.

மேடையில் சாமணேரர் நிலைகொள்ளாமல் தவித்தார். மற்றவர் நேரத்தில் பேசக்கூடாது என்பது விதி. அதை நான்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“நடுவர் அவர்களே, என் அணிக்குப் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.” அந்த மாணவியின் பக்கம் திரும்பினார். “தங்கையே, நான் சற்று முன்பு சொன்னவற்றில் இரண்டு இடங்களில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நீங்கள் கவனித்திருப்பீர்கள். தயவுசெய்து சொல்லுங்கள். நான் அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

நடுவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டு எதையோ எழுதினார்கள். தபால் அதிபர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தார். சந்தைப் பையன் அந்த மாணவியைப் பார்த்து, “சொல்லுங்கோ அக்கா, பயப்பிடாதேங்கோ!” என்று தன் எதிரணிக்கே தைரியம் சொன்னான்.

அவள் சாமணேரரைப் பார்த்தாள். கூப்பிய கைகள் மெதுவாக இறங்கின. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டாள்.

“இரண்டு இடம் இல்லை,” என்றாள். “மூன்று.”

அவள் தொடங்கினாள், தொடங்கியபின் மணி அடித்தும் நிற்கவில்லை. சாமணேரர் முன்னுக்குச் சாய்ந்து, ஒரு சொல்லையும் தவறவிடாமல், முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.